பொதுக் கிணறும் மோட்டார் சுவிட்சும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "போராடித்தானே சார் சுதந்திரம் வாங்கினோம்? அப்புறம் ஏன் பிரிட்டனும் அதன் பழைய காலனிகளும் சேர்ந்த காமன்வெல்த்தில் இருக்கிறோம்? ஹைகோர்ட்டில் ஏன் இன்னும் இங்கிலீஷ்? மற்ற காலனி நாடுகளும் இப்படித்தானா? விடுதலையும் வேண்டும், உறவும் மொழியும் இருக்கட்டும் என்றால் அது எப்படி நடந்தது?"

நான் மதுரையில் முப்பது வருஷமாக சிவில் வழக்கு நடத்தும் வக்கீல். சரித்திரம் கல்லூரியில் படித்தது. விட்டகுறை தொட்டகுறையாக இன்னும் படித்துக்கொண்டிருப்பது. அதனால் பதிலில் கொஞ்சம் பத்திரவாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நஞ்சை, புஞ்சை, வீடு, மாடு எல்லாம் பிரிந்துவிடும். கிணற்றை மட்டும் பிரிக்க முடியாது. "கிணறு பொது, ஆளுக்கு இத்தனை நாள் முறை" என்று பத்திரத்தில் எழுதுவோம். பத்து வருஷம் கழித்து அதே குடும்பம் கோர்ட்டுக்கு வரும். தண்ணீர் போதவில்லை என்று அநேகமாக வரமாட்டார்கள். கரண்ட் சர்வீஸ் பெரியவன் பேரில் இருக்கிறது, சுவிட்ச் அவன் கொட்டகைக்குள் இருக்கிறது, என் முறை வரும்போது கொட்டகையைப் பூட்டிவிடுகிறான் என்றுதான் வருவார்கள்.

நாடுகள் பிரிந்த கதையையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். பிரிந்த பிறகும் எது பொதுவில் நின்றது, அதன் சுவிட்ச் யார் கொட்டகையில் இருந்தது? இந்த இரண்டையும் பார்த்தாலே எந்த உறவு நிலைத்தது, எது அறுந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் சுலபமான கேஸ். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நம் ஆகஸ்ட் 15 மாதிரி ஒரு நாளே கிடையாது. கனடா கொண்டாடும் ஜூலை 1, 1867ல் அதன் மாகாணங்கள் ஒன்றுசேர்ந்த நாள். 1926ல் லண்டனில் கூடி, பிரிட்டனும் டொமினியன்களும் (மன்னரை ஏற்றுக்கொண்டு தம்மைத் தாமே ஆண்ட நாடுகள்) சம அந்தஸ்து என்று எழுதிக்கொண்டார்கள். 1931ல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ஆனாலும் லண்டன் பார்லிமெண்டைக் கேட்காமல் தன் அரசியல் சாசனத்தைத் திருத்தும் உரிமை கனடாவுக்கு 1982ல்தான் முழுசாக வந்தது. ஆஸ்திரேலியா கடைசி இழையை 1986ல் அறுத்தது. கல்யாணமான பிள்ளை முதலில் மாடிக்குக் குடிபோய், அப்புறம் தனி அடுப்பு வைத்து, கடைசியில் வேறு தெருவுக்குப் போன கதை. போனது சொந்தப் பிள்ளை, பேசியது வீட்டு மொழி. உறவு நிற்காமல் என்ன செய்யும்? அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களை யாரும் கையெழுத்துப் போடக் கூப்பிடவில்லை. அதைத் தேர்வில் கேட்க மாட்டார்கள், நீங்கள் மறக்காதீர்கள்.

பிரேசில் கதை இன்னும் ருசி. நெப்போலியன் படை போர்ச்சுகலுக்குள் வர, அரச குடும்பமே கப்பலேறி 1808ல் ரியோவுக்குப் போய்விட்டது. தலைநகரே காலனிக்குக் குடிவந்த விநோதம். 1821ல் ராஜா ஊர் திரும்பினார், மகன் பெத்ரோவை அங்கே விட்டுவிட்டு. அடுத்த வருஷம் செப்டம்பர் 7 அன்று மகன் பாகம் கேட்டு, தானே பேரரசராகவும் ஆகிவிட்டார். 1825ல் போர்ச்சுகல் அங்கீகரித்தது, சும்மா இல்லை, 20 லட்சம் பவுன் வாங்கிக்கொண்டு. அப்பனுக்கும் மகனுக்கும் நடந்த பாகப்பிரிவினை இதைவிடச் சுத்தமாக எந்த சப் ரிஜிஸ்டிரார் ஆபீசிலும் நடந்திருக்காது.

இனி நம் கதை. 1947 ஆகஸ்ட் 15 அன்று நமக்குக் கிடைத்தது டொமினியன் அந்தஸ்து. குடியரசானது 1950 ஜனவரி 26ல். இடைப்பட்ட இரண்டரை வருஷம் ஆறாம் ஜார்ஜ்தான் சட்டப்படி நம் மன்னர். முதலில் மவுண்ட்பேட்டன், பிறகு ராஜாஜி, அந்த மன்னரின் கவர்னர் ஜெனரல். ராஜாஜி ஒரு மன்னரின் பிரதிநிதியாக இருந்தார் என்றால் இன்றைக்குப் பலர் நம்புவதில்லை.

குடியரசு என்று முடிவானபோது முடிச்சு விழுந்தது. காமன்வெல்த்தில் இருப்பவர்கள் மன்னருக்கு விசுவாசம் சொல்ல வேண்டும் என்பது அதுவரை இருந்த முறை. பர்மா 1948 ஜனவரி 4ல் விடுதலையானதும் இந்த வம்பே வேண்டாம் என்று வெளியே போய்விட்டது. அயர்லாந்து 1949 ஏப்ரல் 18ல் குடியரசாகி விலகியது. அதே மாதக் கடைசியில் லண்டனில் எட்டு நாடுகள் உட்கார்ந்தன: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை. அங்கே உருவான லண்டன் பிரகடனம் ஒரு பக்கம்கூட வராது. இந்தியா குடியரசாகும், மன்னருக்கு விசுவாசம் கிடையாது. ஆனால் சுதந்திர நாடுகள் தம் விருப்பப்படி சேர்ந்திருப்பதற்கு மன்னர் ஓர் அடையாளம், அந்த அளவில் காமன்வெல்த்தின் தலைவர், என்று இந்தியா ஏற்கும். அவ்வளவுதான்.

அந்த "அந்த அளவில்" என்ற சொல்லைப் பாருங்கள். முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், அது தங்கம். தலைவர் என்ற பட்டம் உண்டு, அதிகாரம் துளியும் கிடையாது. நாற்காலி லண்டனில் இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர் நம் வீட்டு விளக்கை அணைக்க முடியாது. நேரு இதை அரசியல் நிர்ணய சபையில் 1949 மே மாதம் தாங்கிப் பேசினார். இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பு புரிகிறது. ஆனால் அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். உலகப் போர்ச் செலவில் பிரிட்டன் நமக்குக் கடன்பட்டிருந்தது. போர் முடிந்தபோது நூறு கோடி பவுனுக்கு மேல் நம் பணம் லண்டனில் நின்றது, 1949லும் அதில் பெரிய பங்கு பாக்கி. பாக்கி வரவேண்டியவன் கடன்காரனோடு பேச்சை முறித்துக்கொள்வானா?

அதே 1949ல் இன்னொரு பத்திரமும் எழுதப்பட்டது. நான்கு வருஷச் சண்டைக்குப் பிறகு டிசம்பர் 27ல் இந்தோனேசியாவின் விடுதலையை நெதர்லாந்து ஒப்புக்கொண்டது. கூடவே நெதர்லாந்து இந்தோனேசிய ஒன்றியம் என்று ஒரு காமன்வெல்த், அதற்கு டச்சு ராணி தலைவி. மேலோட்டமாகப் பார்த்தால் லண்டன் ஏற்பாட்டின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே போனால் வேறு கதை. டச்சுக் காலனி ஆட்சி வாங்கிய கடனில் நானூறு கோடி கில்டருக்கு (டச்சு நாணயம்) மேல் புதிய நாட்டின் தலையில் கட்டினார்கள். தன்னை அடக்க நடந்த போரின் செலவும் அதில் அடக்கம் என்று இந்தோனேசியா கொதித்தது. மேற்கு நியூ கினியையும் டச்சுக்காரர்கள் விடவில்லை. 1956ல் இந்தோனேசியா ஒன்றியத்தைத் தூக்கி எறிந்தது. ஏழு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை.

லண்டன் பத்திரத்தில் பட்டம் மட்டும் இருந்தது, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. இன்று காமன்வெல்த்தில் 56 நாடுகள், பெரும்பாலானவை குடியரசுகள். பிரிட்டிஷ் காலனியாகவே இல்லாத மொசாம்பிக் 1995லும் ருவாண்டா 2009லும் வந்து சேர்ந்தன. பாகிஸ்தான் 1972ல் கோபித்துக்கொண்டு போய் 1989ல் திரும்பியது. தென்னாப்பிரிக்கா 1961ல் போய் 1994ல். பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்த சொந்தக்காரர் அடுத்த விசேஷத்துக்கு மொய்க் கவரோடு வருவது போலத்தான். பார்படோஸ் 2021ல் ராணியைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுக் குடியரசானது, காமன்வெல்த்தை விட்டுப் போகவில்லை. போக என்ன காரணம் இருக்கிறது? நம் ஊரிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் அங்கே தேர்தலில் ஓட்டுப் போடலாம் தெரியுமா? காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால். பிரிட்டன்காரர்கள் இங்கே வந்தால் போட முடியாது. பெரிய சொத்து இல்லை, விட்டுக்கொடுக்கவும் அவசியமில்லை. இதைத் தாண்டி காமன்வெல்த்தால் பிரமாத லாபம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிரெஞ்சுக்காரர் வழி வேறு. 1958ல் பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் தன் ஆப்பிரிக்கக் காலனிகளிடம் ஓட்டெடுப்பு வைத்தார்: பிரெஞ்சுச் சமூகம் என்ற, பிரான்ஸ் தலைமையிலான கூட்டுக்குள் இருக்கிறீர்களா, வேண்டாமா? மேற்கு ஆப்பிரிக்காவின் கினி மட்டும் வேண்டாம் என்றது. செகூ தூரே தலைமையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வேண்டாம் ஓட்டு. அக்டோபர் 2ல் விடுதலை. பிரான்ஸ் தன் அதிகாரிகளையும் வல்லுநர்களையும் ஒரேயடியாக இழுத்துக்கொண்டது; போகும்போது கோப்புகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டும் நொறுக்கிவிட்டும் போனார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது பாடமாகட்டும் என்பதுதான் எண்ணம். இரண்டே வருஷத்தில், 1960ல், அந்த மற்ற பிள்ளைகளும் விடுதலை வாங்கிவிட்டார்கள், ஆனால் நல்ல பிள்ளைகளாக, பத்திரத்தில் சில வாசகங்களோடு.

அந்த வாசகங்களில் ஒன்று சீஃபா பிராங்க். 1945ல் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உண்டாக்கிய நாணயம். இன்றும் 14 நாடுகளில் அதுவோ அதன் வாரிசோ ஓடுகிறது, மதிப்பு யூரோவோடு கட்டப்பட்டிருக்கிறது. அன்னியச் செலாவணிக் கையிருப்பில் ஒரு பங்கை பிரெஞ்சுக் கஜானாவில் வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. 1994 ஜனவரியில் அதன் மதிப்பை பிரெஞ்சு பிராங்குக்கு எதிரே சரிபாதியாக வெட்டினார்கள். செனகல் தலைநகர் டாக்கரில் இறக்குமதி அரிசியும் மருந்தும் வாங்கியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். சுவிட்ச் யார் கொட்டகையில் இருந்தது என்று நான் சொல்லவே வேண்டாம். அங்கே இளைஞர்களிடம் பிரான்ஸ் மீது இன்றைக்கு இருக்கும் கசப்பில் இந்த நாணயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாலி 2023ல் பிரெஞ்சை ஆட்சிமொழி நாற்காலியிலிருந்தே இறக்கிவிட்டது.

ஆனால் கினியைக் கவனியுங்கள். அத்தனை கோபத்தோடு பிரிந்த நாடு, சொந்த நாணயம்கூட அடித்துக்கொண்ட நாடு, ஆட்சிமொழியாக பிரெஞ்சையே வைத்திருக்கிறது. ஏன்? உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மொழி தங்கியது இரண்டு விதமாக. அர்ஜென்டினா, மெக்சிகோ, பிரேசில் போன்ற இடங்களில் விடுதலைக்குச் சண்டை போட்டவர்களே பெரும்பாலும் குடியேறியவர்களின் வாரிசுகள். ஸ்பானிஷோ போர்த்துகீசியமோ அவர்களுக்குத் தாய்மொழி. அதை எதற்கு விடப்போகிறார்கள்? கெச்சுவா, நாவாட்டல் போன்ற பூர்வகுடி மொழிகள் பேசியவர்களுக்குத்தான் அது அன்னிய மொழி. அங்கே சண்டை வந்தது வேறு இடத்தில்: இலக்கணம் யார் சொல்வது? வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பெல்யோ, அமெரிக்கக் கண்டத்தாருக்கென்றே 1847ல் ஒரு ஸ்பானிஷ் இலக்கணம் எழுதினார். ஸ்பெயினின் மொழிக்கு அதிகாரம் செலுத்திய மாட்ரிட் அகாடமி கொஞ்ச காலம் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு இறங்கி வந்தது. 1871ல் கொலம்பியாவில் முதல் சகோதர அகாடமி, 1951ல் எல்லா அகாடமிகளும் சேர்ந்த சங்கம், அதுவும் மெக்சிகோவில் கூடி. இப்போது அகராதி எல்லோரும் சேர்ந்து போடுவது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் பத்தில் ஒருவர்தான் ஸ்பெயினில் இருக்கிறார். கிணறு வெட்டியவர் வீட்டுக்கு இன்று ஒரு முறைதான்.

இரண்டாவது விதம் நம்முடையது. பேச்சு மொழி ஒன்று, ஆட்சி மொழி வேறொன்று. இந்த ரகத்தில் மொழியைத் தூக்கிப்போட்ட நாடும் உண்டு. இந்தோனேசியாவில் டச்சு மொழி ஏறக்குறைய ஆவியாகிவிட்டது. 1928 அக்டோபரிலேயே அங்குள்ள இளைஞர்கள் ஒரே நாடு, ஒரே மொழி என்று உறுதி எடுத்தபோது ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். அதிகம் பேர் பேசியது ஜாவானிய மொழி, அதை எடுக்கவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்த மலாயை எடுத்தார்கள். பெரிய பங்காளியின் மொழி தோற்றதால் சின்னப் பங்காளிகள் சும்மா இருந்தார்கள். டச்சுக்காரர்களும் தங்கள் மொழியை ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்ததில்லை. அதனால் விடுவதும் சுலபமாயிற்று. பிலிப்பைன்ஸ் இன்னொரு வேடிக்கை: 300 வருஷத்துக்கு மேல் ஆண்ட ஸ்பெயினின் மொழி அங்கே நிற்கவில்லை, ஐம்பது வருஷம்கூட ஆளாத அமெரிக்காவின் இங்கிலீஷ் நின்றுவிட்டது. ஸ்பானிஷ் பாதிரிமார் உள்ளூர் மொழி படித்துப் பிரசங்கம் செய்தார்கள். அமெரிக்கர்கள் பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

நம்மிடம் மலாய் போல ஒன்று இல்லை. அதனால் நடந்ததைப் பார்க்க மதுரையை விட்டு எங்கேயும் போக வேண்டாம். அரசியல் சாசனம் இந்தியை ஆட்சிமொழியாக்கி, இங்கிலீஷுக்கு 15 வருஷம் தவணை கொடுத்தது. தவணை முடியும் நாள் 1965 ஜனவரி 26. அதற்கு முதல் நாள் மதுரையில் ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் தகராறு மூண்டு, அது கலவரமாகி, மாநிலம் முழுக்கப் பரவியது. சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்யும் அளவுக்குப் போயிற்று. அதற்கு முன் 1963ல் ஓர் ஆட்சிமொழிச் சட்டம் வந்திருந்தது. இங்கிலீஷ் "தொடரலாம்" என்றது அது, இங்கிலீஷ் வாசகத்தில் "மே". தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்று அண்ணா பிடித்தார். ஒரு ஒற்றை இங்கிலீஷ் சொல்லின் பொருளுக்காக மதுரைத் தெருவில் தமிழ்ப் பிள்ளைகள் அடிபட்டார்கள், தமிழைக் காப்பாற்ற. இதைவிடச் சிக்கலான காதல் கதையை நான் படித்ததில்லை.

1967ல் திருத்தம் வந்தது. அதை முழுசாகப் படித்துப் பாருங்கள்: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையும் தத்தம் சட்டசபையில் "இங்கிலீஷ் வேண்டாம்" என்று தீர்மானம் போட்டு, பார்லிமெண்டின் இரண்டு சபைகளும் போட்டால்தான் அது போகும். ஒரே ஒரு மாநிலம் மாட்டேன் என்றாலும் இருக்கும். சர்வீஸ் கனெக்‌ஷன் நம் பேருக்கு மாறிய நாள் என்று இதைத்தான் சொல்வேன். லண்டனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பங்காளிகளுக்குள் யார் பெரியவர் என்ற தகராறில் எங்கோ இருந்து வந்தவனை நாட்டாமையாக உட்கார வைத்தோம். அவன் மீது பாசத்தால் வைக்கவில்லை. அவனுக்கு இங்கே நிலம் இல்லை என்பதால் வைத்தோம். கினியிலும் பல மொழிக்காரர்கள். அங்கேயும் ஏறக்குறைய இதே நியாயம்தான்.

நாட்டாமையை அவசரமாக எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டையே பார்க்கலாம். இலங்கையில் 1956ல் இங்கிலீஷை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் சிங்களத்தை மட்டும் உட்கார வைத்தார்கள். தமிழும் ஆட்சிமொழி என்றும், இங்கிலீஷ் இணைப்பு மொழி என்றும் சாசனத்தில் எழுத 1987 ஆயிற்று. அதற்குள் என்னென்ன நடந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷ் இருந்திருந்தால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. நாற்காலியைக் காலி செய்த விதத்தில் இருந்தது வினை.

தமிழும் இப்படிப் பல கொடிகளுக்குக் கீழே ஓடும் மொழிதான், மறந்துவிடாதீர்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், எல்லாம் ஒரே சாம்ராஜ்யத்தின் பழைய துண்டுகள். 1834ல் மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்ததே யாழ்ப்பாணத்திலிருந்து. 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தபோது கடலுக்கு அந்தப் பக்கமும் அதைத் தம் சங்கமாகவே நினைத்தார்கள். 1978ல் தமிழ்நாடு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. யானைத் தும்பிக்கை வைத்த "லை", "ணை" எல்லாம் போயிற்று. சிங்கப்பூரும் பின்னாலேயே மாற்றிக்கொண்டது. யாரும் உத்தரவு போடவில்லை. போர்த்துகீசியக்காரர்கள் 1990ல் முறைப்படி ஒப்பந்தம் போட்டு ஒரே எழுத்துமுறை என்றார்கள், போர்ச்சுகலில் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. 1998ல் அச்சடித்த நோட்டில் இந்திக்குக் கீழே தமிழைப் போட்டதற்கு அங்குள்ள தமிழர்கள் கிளர்ந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். அந்தத் தமிழர்களில் பலர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து முளைத்த கிரியோல். அந்த நாடு குடியரசு. ஆனால் அதன் கடைசி அப்பீல் இன்றும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது.

பிரிவி கவுன்சில் என்றதும் எனக்கு வாய் ஊறுகிறது. நம் பக்கத்து ஜமீன்கள் அங்கே கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமில்லை. சிவகங்கை ஜமீன்தார் 1829ல் காலமாகி, வாரிசு யார் என்று கிளம்பிய வழக்கு 1863ல்தான் லண்டனில் பைசலாகி, மகள் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. 1868ல் ராமநாதபுரம் வழக்கு: மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும். ராஜாவின் விதவை, கணவர் சொல்லிவிட்டுப் போகாத நிலையில் தத்து எடுத்தது செல்லுமா? செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு. கணவரின் பங்காளிகள் சம்மதித்திருந்தால் திராவிட நாட்டு வழக்கப்படி செல்லும் என்று லண்டன் சொன்னது. கூடவே, நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தையும் மிஞ்சும் என்று ஒரு வரி. இந்து சட்டம் படிக்கிறவன் எவனும் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. மதுரை கலெக்டர் தோற்ற வழக்கு என்பதில் எனக்கு ஊர்ப்பெருமை வேறு.

1949ல் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போவதை நாம் நிறுத்தினோம். அது சொன்ன தீர்ப்புகளைக் கொளுத்தவில்லை. 1872ன் ஒப்பந்தச் சட்டமும் 1882ன் சொத்து மாற்றுச் சட்டமும் இன்றும் என் மேஜையில் இருக்கின்றன. 1860ன் இந்திய தண்டனைச் சட்டம் மட்டும் 2024 ஜூலை 1ல் போய், இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பேரை மாற்றினோம், சரி. அந்தப் பேரைச் சொல்லத்தான் எங்கள் பார் அசோசியேஷனில் பலருக்கு நாக்கு சுளுக்குகிறது. பிரிவுகளில் பாதிக்கு மேல் பழைய சரக்குத்தான்.

இனி உங்கள் ஹைகோர்ட் கேள்வி. சாசனத்தின் 348வது பிரிவு, பார்லிமெண்ட் வேறு ஏற்பாடு செய்யும் வரை உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் இங்கிலீஷ் என்கிறது. ஜனாதிபதி சம்மதித்தால் ஒரு மாநில ஹைகோர்ட்டில் வேறு மொழியும் புழங்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நான்குக்கும் இந்திக்கு அந்தச் சம்மதம் கிடைத்தது. தமிழுக்காக நம் சட்டசபை 2006ல் தீர்மானம் போட்டது. டெல்லி ஏற்கவில்லை. லண்டன் மேல் பழி போட வழியில்லாத இடம் இது தம்பி. தேர்வில் காமன்வெல்த் பற்றி எழுதுங்கள், நல்ல மார்க் வரும். கோபம் மிச்சமிருந்தால் அதை 348 மேல் காட்டுங்கள்.

எனக்கு இந்தக் கோபம் வந்த நாளைச் சொல்கிறேன். 2004 ஜூலையில் மேலூர் ரோட்டில் ஹைகோர்ட்டின் மதுரை பெஞ்ச் திறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. மேலூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் கட்சிக்காரர். பங்காளியோடு வழக்கு, வேறென்ன, கிணறு. முன்சீப் கோர்ட்டில் தமிழில் சாட்சி சொன்னார், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலையே மடக்கினார், தீர்ப்பையும் தானே வாசித்துக்கொண்டார். அப்பீல், அதற்கு மேல் இரண்டாம் அப்பீல் என்று வழக்கு பெஞ்சுக்கு வந்தது. இரண்டாம் அப்பீலில் சட்டப் பிரச்சினை மட்டும்தான் பேசலாம். பத்திர வாசகத்துக்கு என்ன பொருள் என்பது அந்த வகையில் வரும். ராமநாதபுரத்து வாக்குமூலங்களை இங்கிலீஷாக்கிக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள் அன்று. நான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை இங்கிலீஷாக்கி மாட்டுத்தாவணி தாண்டி எடுத்துப்போனேன். "முறைத் தண்ணீர்" என்று பத்திரத்தில் இருந்தது. ராத்திரி வெகுநேரம் யோசித்தும் முறைக்கு இங்கிலீஷ் சொல் அகப்படவில்லை. "டர்ன்" என்று போட்டேன்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த "டர்ன்" மேல் இருபது நிமிஷம் நின்றார். டர்ன் என்றால் உரிமையா, வெறும் சௌகரியமா, விட்டுப்போனால் காலாவதியாகுமா. நானும் அகராதியை விரித்துக்கொண்டு பதில் சொன்னேன். கோர்ட் ஹாலில் அப்போது இருந்தவர்களில் முறை என்றால் என்னவென்று சந்தேகமே இல்லாதவர் கடைசி பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்தா போட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வக்கீலய்யா, இவ்வளவு நேரமும் நம்ம கிணத்தைப் பத்தித்தான் பேசுனீகளா?"